ஈசானி மூலைச் சாமை

என்னைக் கல் பொறுக்கப் போனவள் என்று சொல்கிறார்கள். அது சரியில்லை. கல் பொறுக்குவதற்குக் கண் இருந்தால் போதும். நான் செய்தது மண்ணைப் பிரிக்கிற வேலை. எந்த மண்ணுக்குக் கீழே எந்த மண் கிடந்தது, எந்தக் கல் எந்த மண்ணில் படுத்திருந்தது என்று பிரித்து வைக்கிற வேலை. கொல்லிமலையில், எங்கள் எடப்புளி நாட்டில், சல்லடைக்கு முதல் ஆளாக ஒன்பது வருஷம் நின்றவள் நான் ஒருத்திதான். இதைச் சொல்லிக்கொள்வதில் எனக்குக் கூச்சம் கிடையாது.

யுத்தம் முடிந்ததும் மறுபடி ஒரு கூட்டம் மலையேறி வந்திருக்கிறது. கூடாரம் அடித்துக் குழி எடுக்கிறார்கள். அங்கே கூலிக்குப் போகிற பெண்கள் நாலு பேர் வந்து, "முன்ன நீங்க எப்படிச் செஞ்சீங்கன்னு கேட்டு எழுதியாரச் சொன்னாருங்க ஆபீசர்" என்றார்கள். நான் சொல்லி, அவர்கள் கேட்டு, இன்னொருவர் எழுதினால் அது மூன்று கை மாறிய சங்கதி ஆகிவிடும். கை மாறிய சங்கதியை நம்பக் கூடாது என்பதுதான் நான் கற்ற வேலையே. அதனால் நானே எழுதுகிறேன். எனக்கு எழுத்து மெதுவாகத்தான் வரும். நீங்களும் மெதுவாகவே படியுங்கள்.

எங்கள் ஐயாவின் பேர் வேதமூர்த்தி. தஞ்சாவூர்ப் பக்கத்துக்காரர். சென்னையில் ஒரு காலேஜில் பாறை, மண் இவற்றைப் பற்றிப் பாடம் சொல்கிறவர். ஒவ்வொரு தை மாதமும் காளப்பநாயக்கன்பட்டியில் வண்டியை விட்டு இறங்கி, எங்களோடு நடந்தே மலையேறுவார். சாமான் எல்லாம் எங்கள் தலையில். மழை பிடிக்கும் வரை இருப்பார். எங்கள் ஊருக்குக் கீழே, ஓடை திரும்புகிற இடத்தில், வருஷம் முழுக்க ஈரம் காயாத ஒரு சேற்றுப் பள்ளம் உண்டு. அதன் ஓரத்தில்தான் குழி எடுப்போம்.

அவருக்கு ஒரு பழக்கம். குழியில் புதிதாக ஒரு மண் தென்பட்டால் ஒரு சிட்டிகை எடுத்து முன்பல்லில் வைத்துக் கடிப்பார். கரகரவென்றால் தண்ணீர் கொண்டுவந்து போட்ட வண்டல். வெண்ணெய் மாதிரி வழுக்கினால் தேங்கின தண்ணீரில் படிந்த களி. துப்பிவிட்டு நோட்டில் எழுதிக்கொள்வார். எங்கள் பெண்கள் அவருக்கு 'மண்ணுத்தின்னி ஐயா' என்று பேர் வைத்துவிட்டார்கள். அது அவர் காதுக்கும் போனது. ஒரு நாள் மத்தியானம் சல்லடைக்காரி வெள்ளையம்மாவிடம், "இன்னிக்கு என்ன சமையல்?" என்று கேட்டார்.

"உங்களுக்கு என்னங்க, குழிக்குள்ளயே பந்தி விரிச்சிருக்குது. எங்களுக்குத்தான் களி கிண்டோணும்" என்றாள் அவள்.

நாங்கள் நாக்கைக் கடித்துக்கொண்டோம். அவர் குடை கீழே விழச் சிரித்தார். அன்றைக்குப் பிறகுதான் அவர் முன்னால் எங்களுக்கு வாய் திறந்தது.

நான் முதலில் மண்கூடை சுமக்கத்தான் சேர்ந்தேன். வீட்டுக்காரர் போய் இரண்டு வருஷம் ஆகியிருந்தது. சேர்ந்த மூன்றாம் நாள், கூடையைக் கொட்டும்போது ஒரு வெங்கச்சங்கல் கண்ணில் பட்டது. வெள்ளைக்கல், ஒரு பக்கம் மழுங்கி, ஒரு பக்கம் கத்தி போல. ஐயா இந்த மாதிரிக் கல்லைத்தான் தேடுகிறார் என்று கேள்விப்பட்டிருந்தேன். ஓடைக்கு ஓடிப் போய்க் கழுவி, முந்தானையால் துடைத்து, பளபளவென்று கொண்டுவந்து நீட்டினேன்.

அவர் கல்லைப் பார்க்கவில்லை. என்னைப் பார்த்தார்.

"எங்கே இருந்துச்சு?"

"குழியிலதானுங்க."

"குழியில எங்கே? எந்த மூலை? எத்தனை ஆழம்? படுத்திருந்துச்சா, நின்னுதா? சுத்தி இருந்த மண் என்ன?"

நான் அதில் ஒன்றையும் பார்த்து வைக்கவில்லை. அவர் சத்தம் போடுகிறவர் இல்லை. கோபம் வந்தால் பேனாக்கத்தியை எடுத்துப் பென்சிலைச் சீவுவார். அன்றைக்குப் பாதிப் பென்சில் போயிற்று. பிறகு கூடாரத்துக்குப் பின்னால் அழைத்துப்போனார். அங்கே ஒரு கற்குவியல். "இதெல்லாம் ஊமைக் கல். மனுஷன் கைபட்ட கல்தான். ஆனா எங்கே கெடந்ததுன்னு யாருக்கும் தெரியாது. வாயிருந்தும் பேசாது" என்று சொல்லி, என் கல்லையும் அதிலே வைத்தார்.

எனக்குச் சுரீரென்றது. ஆசையாகக் கழுவிக் கொடுத்ததை இப்படியா என்று. மறுநாள் வேலைக்குப் போகக் கூடாது என்றுதான் நினைத்தேன். விடிந்ததும் போனேன். முளைக் கம்புகள் எங்கே அடித்திருக்கின்றன, கயிறு எப்படிக் கட்டியிருக்கிறது என்று ஒருவரும் சொல்லாமலே சுற்றிச் சுற்றிப் பார்த்தேன். அதற்கப்புறம் என் கையால் ஒரு கல்லும் ஊமையாகவில்லை.

வேலை முறை இதுதான். குழி சதுரமாக இருக்கும். நாலு மூலைக்கும் முளை, முளைக்கு முளை கயிறு. ஒரு சாணுக்கு மேல் ஒரே தடவையில் இறக்கக் கூடாது. ஒவ்வொரு சாண் மண்ணும் தனிக் கூடையில் வரும். கூடையோடு ஒரு சீட்டு வரும். கூடை வேறு சீட்டு வேறு ஆகிவிட்டால் அந்த மண் அவ்வளவும் வீண். சல்லடையில் கொட்டி, கையால் தேய்க்காமல், ஆட்டி ஆட்டியே சலிக்க வேண்டும். தேய்த்தால் எலும்பு இருந்தால் பொடியும். நின்றதைத் தட்டில் பரப்பி, வேரை ஒரு பக்கம், கல்லை ஒரு பக்கம், கரியை ஒரு பக்கம் ஒதுக்க வேண்டும். மனுஷன் தட்டின கல்லில், தட்டின இடத்தில் சிப்பி மாதிரி ஒரு குழிவு இருக்கும். தானாக உடைந்ததில் அது இருக்காது. இருட்டில் விரலால் தடவியே நான் சொல்வேன். பிறகு காகிதத்தில் மடித்து, மசியால் நம்பர். அந்த நம்பருக்காகத்தான் எனக்கு எண் வந்தது. சீட்டில் இருந்த மண்ணின் பேர்களைப் பார்த்துப் பார்த்து எழுத்தும் கொஞ்சம் வந்தது. மூன்றாம் வருஷம் சல்லடை முழுக்க என் பொறுப்பு. "பாவாயி மடிச்சதுன்னா நான் பிரிச்சுப் பாக்க வேண்டியதில்லை" என்று ஐயா எல்லார் முன்னாலும் சொல்வார்.

குழி ஆழம் போனதும் சுவரைச் செதுக்கித் தண்ணீர் தெளிப்பார்கள். அப்போது மண் தட்டுத் தட்டாகத் தெரியும். மேலே உழுத மண். அதன் கீழே மலைச்சரிவிலிருந்து அடித்து வந்த செம்மண். அதன் கீழே இலை அழுகின வாசத்தோடு கருங்களி. அதற்கும் கீழே ஒரு முழம் பரல் மண், சிறு கல்லும் மணலும் இறுகினது. அந்தப் பரலில்தான் தட்டின கற்கள் கிடக்கும்.

குழிக்குள் கம்பி, அதாவது கடப்பாரை, பிடிப்பவன் என் தம்பி செல்லன். ஒரு நாள் அவன்தான் கேட்டான், இதையெல்லாம் பார்த்து என்ன ஆகப் போகிறது என்று. ஐயா குழி விளிம்பில் உட்கார்ந்துகொண்டார்.

"ஒரு காலத்துல, செல்லா, வடக்கே தேசம் தேசமாப் பனி மூடிக் கெடந்துது."

"நம்ம மார்கழிப் பனியுங்களா?"

"அது சூரியனைப் பாத்ததும் ஓடிடும். இது ஓடாத பனி. கல்லு மாதிரி இறுகி, மலை உயரம்."

"நம்ம மலைலயுங்களா?"

"இங்கே வரலை. ஆனா உலகத்துத் தண்ணியில பெரும்பங்கு அங்கே இறுகி நின்னுபோனா, கடல் வத்தும், காத்து திசை மாறும். நம்ம மழை என்ன ஆச்சு? கூடிச்சா, கொறஞ்சுதா? கூடிச்சுன்னு பெரியவங்க எழுதியிருக்காங்க. எனக்குச் சந்தேகம். இந்தக் களி ஈரம் இருந்த காலத்து மண். பரலுக்குக் கீழேயும் களி வந்தா அவங்க சொன்னது சரி. சுக்காங்கல் வந்தா, மண்ணுக்குள்ள சுண்ணாம்பு கட்டி கட்டியா இறுகுற அளவுக்கு இங்கே வறட்சி இருந்துதுன்னு அர்த்தம்."

"அப்ப இந்தக் கல்லத் தட்டுனவங்க?"

"அந்த ரெண்டுக்கும் நடுவுல இங்கே இருந்தவங்க. விதைக்கத் தெரியாது. சட்டி பானை கிடையாது. கிழங்கும் வேட்டையும்தான். மழை தப்பினப்போ அவங்க என்ன பண்ணினாங்கன்னு யாருக்கும் தெரியாது."

"என்ன பண்ணியிருப்பாங்க, நம்மளாட்டம் மேல பாத்து வஞ்சிருப்பாங்க" என்றாள் வெள்ளையம்மா.

எத்தனை காலம் முன்னால் என்று கேட்டதற்கு, "எனக்கே சரியாத் தெரியாது" என்றார். படித்த ஒருவர் தெரியாது என்று சொல்லி அன்றைக்குத்தான் கேட்டேன். அவர் மேல் எனக்கு மதிப்பு ஏறினது அந்த ஒரு வார்த்தையால்தான்.

இனி, இதுவரை எழுதாமல் வைத்திருந்த விஷயத்துக்கு வருகிறேன்.

எங்களில் ஒரு வழக்கம் உண்டு. எந்தக் குழியானாலும் ஆள் மட்டத்துக்குக் கீழே போகிறபோது மண்ணுக்கு ஒரு பிடி சாமை கொடுக்க வேண்டும். உமியோடு கருகக் கருக வறுத்து, முளைக்க மாட்டாத பதத்தில். குழியில் இறங்குகிறவனின் வீட்டுப் பெண், ஆட்கள் சோற்றுக்கு ஏறினதும், ஏணியில் நாலு படி இறங்கி, ஈசானி மூலைச் சுவரில் இளகின இடமாகப் பார்த்துக் கட்டைவிரலால் ஒரு குழிவு அழுத்தி, அதில் சாமையை வைத்து மூடிவிட்டு வர வேண்டும். பெண்கள் அதற்குமேல் அடிக்குப் போகக் கூடாது. வைத்ததை வாய்விட்டுச் சொல்லவும் கூடாது. சொன்னால் வைத்தது வைத்ததாகாது. மண் தனக்கு வேண்டியதைத் தானே எடுத்துக்கொள்ளும்.

படித்தவர்கள் சிரிக்கலாம். என் வீட்டுக்காரர் ஊற்றுக்குழி வெட்டும்போதுதான் போனார். தண்ணீர் அவசரம் என்று வெட்டினார்கள். நான் அப்போது காய்ச்சலில் கிடந்தேன், சாமை வைக்கவில்லை. பக்கச்சுவர் அப்படியே இறங்கியது. அதற்குப் பிறகு என் தம்பி இறங்கின எந்தக் குழிக்கும் நான் சாமை வைக்காமல் இருந்ததில்லை. ஐயாவின் குழிகளுக்கும் வைத்தேன். மண்ணில் எது எங்கே இருந்தது என்று பகலெல்லாம் பிரிக்கிறவள், அதே மண்ணில் நானே ஒன்றைக் கொண்டுபோய் வைக்கிறேன் என்பது ஆறு வருஷமாக எனக்குத் தோன்றவேயில்லை. அது வேறு கணக்கு, இது வேறு கணக்கு என்று இருந்துவிட்டேன்.

ஆறாம் வருஷம் என் மகளுக்குப் பேறு. மூன்று நாள் வேலைக்குப் போகவில்லை. அந்த மூன்று நாளில் ஒரு கோடை மழை அடித்து, குழியின் ஈசானி மூலைச் சுவர் கொஞ்சம் சரிந்திருக்கிறது. ஐயா அந்தப் பக்கத்தை நேராகச் செதுக்கச் சொல்லியிருக்கிறார். செதுக்கின மண்ணை வெள்ளையம்மா சலித்திருக்கிறாள்.

நாலாம் நாள் போனேன். கூடாரத்து மேஜையில் ஒரு காகிதம் விரித்திருந்தது. அதன் மேல் கருகின தானியம், ஒரு பிடிக்கும் குறைவாக. ஐயா முகத்தை நான் அப்படிப் பார்த்ததே இல்லை. கல்யாண வீட்டுக்காரர் மாதிரி இருந்தார்.

"பாவாயி, வா வா. உன் கையில கிடைச்சிருக்க வேண்டியது. பரல் மண்ணுலேருந்து வந்திருக்கு, தட்டின கல்லோட கல்லா. கருகின தானியம்! இத்தனை நாளா அவங்களுக்கு விதைக்கத் தெரியாதுன்னு பாடம் சொல்லிட்டிருந்தேன். அந்தக் காலத்துலயே தானியம் வறுத்துத் தின்னுருக்காங்க. மலை மேலே என்ன கெடக்கப் போகுதுன்னு சபையில என்னை வெச்சுச் சிரிச்சாங்க. இனிமே சிரிக்க மாட்டாங்க."

அந்தச் சபைக்குக் கடிதம் எழுதி ஒட்டி வைத்திருந்தார். மறுநாள் மத்தியானம் அரிசி வாங்கக் கீழே இறங்குகிறவர்களிடம் காளப்பநாயக்கன்பட்டித் தபாலுக்குக் கொடுத்துவிட வேண்டியது.

"வெள்ளையம்மா சரியாச் சலிச்சாளா?" என்று மட்டும் கேட்டேன்.

"நான் பக்கத்துலயே நின்னேன்" என்றார்.

அவள் சரியாகத்தான் சலித்திருக்கிறாள். சீட்டில் மூலை, ஆழம் எல்லாம் இருந்தன. எல்லாம் சரி. சாமை மட்டும் என்னுடையது.

அன்றைக்குச் சலித்தேன், மடித்தேன், நம்பர் போட்டேன். ஒன்றும் ஓடவில்லை. சாயங்காலம் தம்பியோடு வீட்டுக்கு ஏறும்போது, "செல்லா, நாளைக்கு நீ குழிக்குள்ள எறங்காதே" என்றேன்.

"ஏனக்கா?"

"எறங்காதேன்னா எறங்காதே."

ஆண்பிள்ளைகள் எங்கள் வழக்கத்தைப் பற்றிக் கேட்க மாட்டார்கள். தெரியாமலும் இருக்க மாட்டார்கள்.

"மேசை மேல கெடந்தது உன்னுதா?" என்றான்.

நான் நடையை எட்டிப் போட்டேன்.

"சொல்லப் போறயா?"

"ஆமா."

"சொன்னா வெச்சது வெச்சதாகாதே அக்கா. மாமனுக்கு ஆனதப் பாத்தும் சொல்றயா?"

"அதுக்குத்தான் எறங்காதேங்கறேன்."

"ஐயா சந்தோசமா இருக்கறாரு. நாம பத்திரமா இருக்கறோம். ஒரு புடி சாமை எப்பத்ததா இருந்தா யாருக்கு என்ன? உனக்கு ஏன் இந்த வேலை?"

வீட்டுக்குப் போய்ப் பேத்தியைப் பார்த்துவிட்டு, அடுப்பு மூட்டும்போதுதான் ஏன் என்று எனக்கே பிடிபட்டது. அந்தக் கல்லைத் தட்டின ஆட்கள் ஒன்றும் எழுதி வைக்கவில்லை. பேர் தெரியாது, முகம் தெரியாது. அவர்கள் இருந்தார்கள் என்பதற்கு அந்தப் பரல் மண் ஒன்றுதான் சாட்சி. நான் வைத்ததை அவர்கள் வைத்ததாக எழுதிவிட்டால், இல்லை என்று மறுத்துச் சொல்ல அவர்கள் எழுந்து வரப் போவதில்லை. மழை தப்பினபோது அவர்கள் பட்ட பாடு என்னவோ, அதன் மேல் என் அடுப்பில் வறுத்த சாமையைக் கொண்டுபோய்க் கொட்டுகிறேன்.

காலையில் முதலில் குழிக்குள் யாரும் இல்லை என்று பார்த்துக்கொண்டேன். பிறகு கூடாரத்துக்குப் போனேன்.

"ஐயா, அந்தச் சாமைய நான்தானுங்க வெச்சேன்."

அவருக்குப் புரியவில்லை. ஒன்று விடாமல் சொன்னேன். வறுத்தது, ஏணியில் இறங்கினது, விரலால் அழுத்தினது, ஏன் என்பது. கேட்டு முடித்தவர் சிரித்தார். நல்ல சிரிப்பு இல்லை.

"உன் வழக்கம் இருக்கலாம். நீ வெச்சது வேற எடத்துல இருக்கும். இது பழசு. பாரு, எப்படிக் கருகியிருக்கு."

"கருக வறுத்தா அன்னிக்கே அப்படித்தானுங்க இருக்கும்."

"பாவாயி, எல்லாத்தையும் நீ செஞ்சதா நெனைக்காதே."

அது எனக்குத் தைத்தது. நம்ப வேண்டாம் என்று அவர் முடிவு செய்துவிட்டார் என்று தெரிந்தது. அப்போதுதான் அவர் கற்றுக்கொடுத்ததையே அவரிடம் நீட்டினேன்.

"வாய்ச்சொல்ல நம்ப வேண்டாங்க. போன வருஷம் மூடுன குழி மேட்டுப் பக்கம் இருக்குதுங்களே, அதத் தொறந்து பாருங்க. ஈசானி மூலை. ஆள் மட்டத்துக்கு நாலு வெரல் மேல. சுவத்துக்குள்ள கட்டவெரல் ஆழம். அங்க இல்லீன்னா நான் சொன்னது பொய்யுங்க."

அவர் பேனாக்கத்தியை எடுத்தார். பென்சிலைச் சீவவில்லை. எழுந்துவிட்டார்.

மூடின குழியைத் திறக்கச் செல்லன் மறுக்கவில்லை. "அது பசியாறித் தூங்குற குழி" என்று முணுமுணுத்துக்கொண்டே போட்ட மண்ணை அள்ளினான். பழைய சுவர் தெரிந்ததும் அவனை ஏறச் சொல்லிவிட்டு ஐயாவே இறங்கினார். நான் விளிம்பில் நின்று விரலால் காட்டினேன். கத்தி முனையால் கொஞ்சம் கொஞ்சமாகச் சுரண்டினார். வேறு நிற மண் ஒரு பொட்டு அளவுக்குத் தெரிந்தது. இன்னும் சுரண்டினார். கறுப்பாக உதிர்ந்தது.

ஒரு மணியை எடுத்துப் பல்லில் வைத்துக் கடித்தார். சுவர்ப் பக்கமே திரும்பி நின்றார். முதுகு மட்டும்தான் எங்களுக்குத் தெரிந்தது. வெள்ளையம்மா என் முழங்கையைப் பிடித்துக்கொண்டாள்.

மேலே வந்து, "ஆறு வருஷமா ஏன் சொல்லலை?" என்றார்.

"சொல்லக் கூடாதுங்க."

"இப்போ சொல்லிட்டியே."

"ஆமாங்க."

கடிதத்தை எடுத்து வந்து நாலாகக் கிழித்துச் சட்டைப் பையில் போட்டுக்கொண்டார். நான் அந்தச் சாமைப் பொட்டலத்தை எடுத்து, "ஊமைக் கல்லோட போட்டறட்டுங்களா?" என்றேன்.

"வேண்டாம். யார் வெச்சது, எங்கே, எதுக்குன்னு எல்லாம் தெரிஞ்ச பொருள் இந்த மலையில எனக்கு இது ஒண்ணுதான் கெடைச்சிருக்கு. நம்பர் போடு" என்றார். நோட்டை என் பக்கம் திருப்பி, அதில் என்னையே எழுதச் சொன்னார். 'சாமை நான் வைத்தது. பாவாயி' என்று எழுதினேன். எண்ணும் மண்ணின் பேரும் தவிர நான் எழுதின முதல் வரி அது.

அவர் என்னை அதற்கப்புறம் ஒரு வார்த்தை கடிந்துகொள்ளவில்லை. ஆனால் அன்றைக்கு மத்தியானம் அவர் சாப்பிடவில்லை. இருபது வருஷத்துக்கு ஒரு தடவை வந்த சந்தோஷத்தை நான் எடுத்துக்கொண்டேன் என்பது எனக்குத் தெரியும். சரியாகச் செய்தேன் என்பதும் தெரியும். இரண்டும் ஒன்றையொன்று அழிக்கவில்லை.

அந்த வருஷத்துக் குழி இன்னும் முடியவில்லை. பரல் மண்ணைத் தாண்டி அரை ஆள் ஆழமாவது போனால்தான் அவர் கேள்விக்குப் பதில். மேற்கே மேகம் கட்டத் தொடங்கிவிட்டது. இன்னும் இரண்டு மழை பிடித்தால் பள்ளம் நிரம்பி அந்த வருஷம் போய்விடும். இப்போது நான் வாய்விட்டுச் சொன்ன குழிக்குள் யார் இறங்குவார்கள்?

கடைசியில் அடியில் வந்தது சுக்காங்கல்தான். பெரியவர்கள் எழுதினதற்கு எதிராக. இந்த ஒரு மலை, இந்த ஒரு பள்ளம் வரைக்கும்தான் தன்னால் சொல்ல முடியும் என்று ஐயா எழுதினார். அதை அவர் புத்தகத்தில் பார்த்துக்கொள்ளலாம். நான் எழுத வேண்டியது குழிக்குள் இறங்கின அந்தக் காலையைப் பற்றி.

மறுநாள் விடிந்து ஆட்கள் எல்லாரும் வந்தார்கள். வந்து, குழிக்கு ஒரு கயிறு நீளம் தள்ளி உட்கார்ந்துவிட்டார்கள். ஐயா ஒருவரையும் வற்புறுத்தவில்லை. "பயந்தா இறங்க வேண்டாம். மூடிடலாம்" என்றார்.

நான் சேலையை இழுத்துச் செருகிக்கொண்டு, செல்லன் கையில் இருந்த கடப்பாரையை வாங்கினேன்.

"அக்கா, பொம்பள அடி வரைக்கும் எறங்கக் கூடாது."

"சொல்லவுந்தான் கூடாது. சொல்லியாச்சில்ல."

"உனக்குப் பயித்தியமா?"

"சொன்னவ நான். மண்ணு கேட்டா என்னக் கேக்கட்டும்."

ஏணியில் நாலாம் படிக்குக் கீழே என் கால் அதற்கு முன்பு போனதில்லை. படியை எண்ணாமல் இறங்கிவிட்டேன். உள்ளே குளிர்ச்சியாக இருந்தது. என் வீட்டுக்காரர் கடைசியாகப் பார்த்தது இந்த மாதிரிச் சுவரைத்தான் என்று நினைத்தேன். அந்த நினைப்பை ஓரமாக வைத்துவிட்டுக் கம்பியைப் போட்டேன். பெண் கை, பரல் மண். பொறி பறந்ததே தவிர மண் பெயரவில்லை.

மேலே ஏணி கிறீச்சிட்டது. ஐயா, செருப்பைக் கழற்றி வைத்துவிட்டு, வேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டு இறங்கிக்கொண்டிருந்தார்.

"ஏனுங்க நீங்க?"

"எழுதப் போறவன் நான்தானே" என்று சொல்லி மண்வெட்டியை எடுத்தார்.

நான் குத்த, அவர் அள்ள, கூடையை ஏணி வரைக்கும் தூக்கி வைக்க, வெள்ளையம்மா மேலிருந்து இழுத்தாள். அரைச் சாண் இறங்குவதற்குள் இரண்டு பேருக்கும் மூச்சு வாங்கியது. அவர் ஒரு தடவை மண்வெட்டியை என் காலிலேயே போட்டிருப்பார். விளிம்பில் நிழல்கள் கூடின. மேலிருந்து ஒரு சிறு கட்டி உதிர்ந்து ஐயாவின் தோளில் விழுந்தபோது எல்லாரும் ஒரே நேரத்தில் மூச்சை இழுத்தது கேட்டது. அவர் அதைத் தட்டிவிட்டு அடுத்த வெட்டுப் போட்டார்.

பொழுது உச்சிக்கு வரும்போது செல்லன் குரல்.

"கம்பியப் புடிக்கவும் தெரியல, மம்பட்டியப் புடிக்கவும் தெரியல. இப்படிப் போனா அடுத்த தைக்குத்தான் அடி தெரியும். ஏறுங்க ரெண்டு பேரும்."

சொல்லிக்கொண்டே இறங்கி வந்து என் கையிலிருந்து கடப்பாரையைப் பிடுங்கினான். அவன் முகத்தைப் பார்த்தேன். பயந்துதான் இருந்தான். பயந்துகொண்டே குத்தினான், ஒரே குத்தில் பரல் பாளமாகப் பெயர்ந்தது.

மூன்று பேருக்கு அந்தக் குழி நெருக்கம். ஐயாவும் நானும் ஏறவில்லை.